தொட்டும் தொடாத இடங்கள்

உப்புவெளியில் மார்கழி மழை சரிந்துதான் பெய்யும். வாடைக்காற்று கடலைத் தடவிக்கொண்டு வந்து, துளிகளைக் குடைக்குக் கீழாலும் வேலிக்கு ஊடாலும் எறியும். அப்படி ஒரு பின்னேரம், வீதியோரம் நின்ற பழைய மாணவன் ஒருவனோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காகக் காரின் வலப்பக்கக் கண்ணாடியை இறக்கினேன். பேச்சு முடிந்தது. சுவிச்சை மேலே இழுத்தேன். கண்ணாடி அசையவில்லை. இன்னொரு தரம் இழுத்தேன். 'கிளிக்' என்ற சத்தம்கூட இல்லை. என்னதான் நடக்கிறது என்று பார்க்கக் கீழே அமர்த்தினேன்; மிச்சமிருந்த இரண்டு அங்குலமும் சமர்த்தாக உள்ளே போய்விட்டது. முழு யன்னலும் திறந்து கிடக்க, மழை என் மடியில் பெய்தது.

மறுநாள் காலை, கதவில் பொலித்தீன் பை படபடக்க, அநுராதபுரச் சந்திப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் போய் நின்றேன். கராஜ்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊருக்கே நானா, எனக்கும் நானா. நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகவியல் படிப்பிப்பவன் என்பதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோசம் உண்டு.

"நானா, பவர் ஷட்டர் வேலை செய்யுதில்ல. மோட்டர் பத்திட்டுது போல."

கார் யன்னல் கண்ணாடியை இலங்கையில் ஷட்டர் என்றுதான் சொல்கிறோம். கையால் சுற்றினால் வெறும் ஷட்டர், மின்சாரத்தில் ஏறி இறங்கினால் பவர் ஷட்டர்.

நானா கையிலிருந்த தேநீரை வைக்கவில்லை. "மோட்டர் பத்தினா எப்பிடி சேர் இறங்கின?" என்றார்.

பழுதில் பாதி அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிட்டது. மீதிப் பாதியைத் தேடிப் போன கதைதான் இந்த அத்தியாயம்.

இறங்கும், ஏறாது

கதவுக்குள் இருக்கும் மோட்டருக்கு இரண்டே வயர்கள். சுவிச்சைத் தொடாதபோது இரண்டும் காரின் உடம்போடு, அதாவது பற்றரியின் மறை முனையோடு, சேர்ந்திருக்கும். மேலே இழுத்தால் ஒரு வயர் அங்கிருந்து விலகி நேர் முனைக்கு, 12 வோல்ற்றுக்குத் தாவும். மற்றது இருந்த இடத்திலேயே இருக்கும். மின்னோட்டம் ஒரு திசையில் பாய, மோட்டர் ஒரு பக்கம் சுழலும். கீழே அமர்த்தினால் வயர்கள் இரண்டும் தங்கள் வேலையை மாற்றிக்கொள்ளும். ஓட்டம் எதிர்த்திசையில் பாய, மோட்டரும் எதிர்ப்பக்கம் சுழலும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பாதை ஒன்றுதான், பயணத்தின் திசைதான் வேறு.

ஆகவே கண்ணாடி இறங்கியது என்றால் பியூஸ் சரி, மோட்டர் சரி, மோட்டருக்குப் போகும் இரு வயர்களும் சரி. ஏறுவதற்கென்று தனியாக உள்ளது சுவிச்சுக்குள் இருக்கும் தொடுகைகள் மட்டுமே. நான் ஆயிரக்கணக்கில் செலவழித்து மாற்றத் தயாராக இருந்த மோட்டர் ஒரு கேள்வியில் குற்றமற்றதாகிவிட்டது.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிஞ்சுகிறது. இறங்குவது சுலபம், கண்ணாடியின் பாரமே உதவும்; ஏறுவதுதான் கடினம். மோட்டருக்கு ஏற்றும் வலிமை மட்டும் இல்லாமல் போயிருக்கலாமே? நானா காரின் உள்விளக்கைப் போட்டார். சாவியைத் திருப்பினார், எஞ்சினை இயக்கவில்லை.

"இப்ப மேல இழுங்க சேர். கண்ணாடியப் பாக்காதீங்க, லைட்டப் பாருங்க. மங்குதா?"

மங்கவில்லை.

வீட்டில் தண்ணீர் மோட்டரைப் போடும்போது விளக்கு ஒரு கணம் மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அதே சங்கதிதான். யன்னல் மோட்டர் பல அம்பியர்களை இழுத்தால் பற்றரியின் வோல்ற்றளவு சற்றே சரியும். உள்விளக்கு அதைக் காட்டிக் கொடுக்கும். எஞ்சின் ஓடினால் மின்பிறப்பாக்கி அந்தச் சரிவை மூடி மறைத்துவிடும். அதனால்தான் எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்ப்பது.

இந்தச் சோதனைக்கு மூன்று விடைகள் உண்டு. சத்தமில்லை, ஆனால் விளக்கு மங்குகிறது என்றால் மின்சாரம் மோட்டர்வரை போகிறது. ஏதோ ஒன்று அதைச் சுழலவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. மோட்டர் இரைகிறது, கண்ணாடி மட்டும் வரவில்லை என்றால் கண்ணாடியைத் தூக்கும் ரெகுலேட்டரில் கம்பிவடம் அறுந்திருக்கும், அல்லது கண்ணாடியைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவ்வி உடைந்திருக்கும். சத்தமுமில்லை, மங்கலுமில்லை என்றால் மின்சாரமே பாயவில்லை. எங்களுடையது மூன்றாவது.

மீற்றர் சொன்ன அரை உண்மை

கதவின் உள்தட்டைக் கழற்றி, மோட்டருக்குப் போகும் பிளக்கைப் பிடுங்கி, அதன் இரு முனைகளிலும் டிஜிட்டல் மீற்றரை வைத்தார் நானா. நான் சுவிச்சை மேலே இழுத்தேன். மீற்றரில் 12.3 வோல்ற்.

"வருதே நானா!"

"அது மீற்றர்ட கத. இனி பல்ப்பக் கேப்பம்."

பிரேக் விளக்கின் பழைய 21 வாற்று பல்ப் ஒன்று, இரண்டு வயர் துண்டுகளோடு. அதை அதே முனைகளில் வைத்தார். கீழே அமர்த்தினேன்: பளிச்சென்று எரிந்தது. மேலே இழுத்தேன்: இழை சிவக்கக்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் பலர் வழி தவறுகிறார்கள். மீற்றர் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. சாதாரண டிஜிட்டல் மீற்றரின் உட்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம். ஆகவே அது இழுக்கும் ஓட்டம் ஒரு மைக்ரோ அம்பியரை ஒட்டியது. சுவிச்சுக்குள் 1,000 ஓம் தடை உட்கார்ந்திருந்தாலும், அவ்வளவு சின்ன ஓட்டம் அதில் இழக்கும் வோல்ற்றளவு ஆயிரத்தில் ஒரு வோல்ற் மட்டுமே. மீற்றர் திரையில் அது தெரியாது. அதே 1,000 ஓமுக்கு ஊடாக மோட்டர் 6 அம்பியர் கேட்டால் கிடைப்பதோ நூறில் ஒரு அம்பியரை ஒட்டிய ஓட்டம்.

வீட்டுக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். பைப்புக்குள் பாசியும் மண்ணும் அடைத்து ஊசித்துளை மட்டும் மிஞ்சியிருந்தாலும், குழாய் பூட்டியிருக்கும்வரை அழுத்தம் முழுதாகவே இருக்கும். திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வருவது தெரியும். மீற்றர் பூட்டிய குழாயை அளக்கிறது, பல்ப் குழாயைத் திறந்து பார்க்கிறது.

மலையோடு மலை

சுவிச்சுக்குள் என்ன இருக்கிறது? ஊஞ்சற்பலகை போல ஆடும் சிறிய செப்புத் தகடு. அதன் நுனிகளில் மிளகளவுகூட இல்லாத, வெள்ளி பூசிய குமிழ்கள். ஒரு குமிழ் இன்னொன்றைத் தொட்டால் மின்சாரம் பாயும். ஆனால் 'தொடுதல்' என்றால் என்ன?

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் உலோகம், நுணுக்குக்காட்டியில் பார்த்தால் மலையும் பள்ளமுமான நாடு. இரண்டு பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், உயர்ந்த சிகரங்கள் மட்டுமே ஒன்றையொன்று முட்டும். சுவீடனைச் சேர்ந்த ராக்னார் ஹோம், மின் தொடுகைகளைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்து 1946இல் ஆங்கிலத்தில் ஒரு பெரிய நூல் வெளியிட்டவர், இந்தப் படத்தைத் தெளிவாக்கினார். முழு மின்னோட்டமும் அந்தச் சிகரமுனைகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு புக வேண்டும். ஒரு பெரிய வீதியின் வாகனங்கள் எல்லாம் ஓர் ஒற்றையடிப் பாலத்தில் ஏறுவது போல. அந்த நெரிசலே தொடுகைத் தடை.

கேம்பிரிட்ஜில் பௌடன், டேபர் என்ற இருவர் மின்சாரத்தை அல்ல, உராய்வை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இரண்டு பரப்புகள் உண்மையில் எவ்வளவு தொடுகின்றன என்பதை அறிய அவர்கள் 1939இல் கையாண்ட உத்தி என்ன தெரியுமா? தொடும் உலோகங்களுக்கு ஊடாக மின்சாரத்தைப் பாய்ச்சி, தடையை அளந்தார்கள். பாரம் குறைவாக இருந்தபோது, கண்ணுக்குத் தொடுவதாகத் தோன்றும் பரப்பில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் உண்மையில் தொட்டுக்கொண்டிருந்தது.

ஆக, சுவிச்சின் தடையும் கண்ணாடியின் உராய்வும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் சிகரங்கள் முட்டும் இடத்தில்தான் பிறக்கின்றன. ஒரு செப்பு வயர் நடுவில் கெட்டுப்போவது அரிது, கண்ணாடி தானாகக் கெடுவது அதைவிட அரிது. இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்தில்தான் இயந்திரங்கள் நோய்ப்படுகின்றன. பழுது பார்ப்பது என்றால், எந்தெந்த இடத்தில் எது எதைத் தொடுகிறது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவதுதான்.

உவர்மலைக் கணக்கு

சுவிச்சைப் பிடுங்கியபோது முதலில் கண்ணில் பட்டது அதன் பிளக். ஏழெட்டு ஊசிகளில் ஒன்றே ஒன்று பச்சை பூத்திருந்தது. கோயில் குத்துவிளக்கின் மூலையில் பூக்கும் அதே களிம்பு. மற்ற ஊசிகள் பழையவை, ஆனால் செம்பு நிறம் மாறாதவை. ஒரே பிளக், ஒரே ஈரம், ஒரே வயது. ஒன்றை மட்டும் ஏன் பிடித்தது?

திருகோணமலையில் உப்புக்குப் பஞ்சமில்லை, பெயர்களிலேயே கரிக்கிறது. நான் மழையில் நனைந்த இடம் உப்புவெளி. ஆங்கிலத்தில் ஓர்ஸ் ஹில் எனப்படும் மேட்டை நாங்கள் உவர்மலை என்கிறோம். உவர் என்றாலும் உப்புத்தான். அலை உடையும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் ஏறி, நீர் வற்றி, உப்புத்தூளாகப் படிகின்றன. சமையல் உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டோ, அதில் பாதிக்கும் குறைந்த ஈரப்பதனிலேயே கசியத் தொடங்கும். மழையே இல்லாத இரவிலும் அடுக்களையில் உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். காரின் பிளக்குக்குள்ளும் அதே கசிவு நடக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும்.

பச்சை பூத்த ஊசி எது என்று பார்த்தோம். பற்றரியின் நேர் முனையிலிருந்து சுவிச்சுக்கு மின்சாரம் கொண்டுவரும் ஊசி அது. அதிலிருந்து பக்கத்து ஊசிக்கு உப்பு ஈரத்தின் வழியே ஒரு மெல்லிய ஓட்டம் கசிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கசிவில் நேர் முனையிலுள்ள செம்பு அணுக்கள் இலத்திரன்களை இழந்து கரைந்து வெளியேறி, பச்சை உப்பாக ஒதுங்குகின்றன. மறை முனை பத்திரமாக இருக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்தில் செப்புத் தகடுகளை வைத்து நான் வருடந்தோறும் காட்டும் மின்பகுப்பை என் கார் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தது.

இதன் மறுபக்கம் எங்கள் ஊர்ப் பெயரோடு தொடர்புடையது. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டி நீரில் இறக்கிய பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றுக்குத் திருகோணமலை என்று பெயர். இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் காட்சிக்கு நிற்கிறது. அந்தக் காலத்துக் கப்பல்களின் அடிப்பாகத்தைக் கப்பற்புழு அரிக்காமல் இருக்கச் செப்புத் தகடு போர்த்துவார்கள். கடல்நீர் அந்தச் செம்பைத் தின்றது. 1824இல் ஹம்ப்ரி டேவி ஒரு வழி சொன்னார்: செம்போடு சேர்த்து நாகத்துண்டு அல்லது இரும்புத்துண்டு ஒன்றைப் பொருத்துங்கள்; அது கரையும், செம்பு தப்பும். அப்படியே நடந்தது. ஆனால் கரையும் செம்பின் நஞ்சுதான் சிப்பிகளை விரட்டி வந்தது. செம்பு கரையாததால் கப்பலடியில் சிப்பியும் பாசியும் மண்ட, கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. ஆனாலும் பாடம் நிலைத்தது: இன்று துறைமுகத்தில் நிற்கும் இரும்புக் கப்பல்களின் அடியில் நாகக்கட்டிகள் தங்களைப் பலி கொடுத்துக்கொண்டிருக்கின்றன. டேவி, செம்பை மறை முனையாக்கிக் காப்பாற்றினார். நம் கார், செம்பை நேர் முனையாக்கிக் கரைக்கிறது.

வலிய தொடுகை முதலில் சாகும்

களிம்பு பிளக்கில் தொடங்கியிருந்ததே தவிர, அங்கே பாதை இன்னும் அறவில்லை. இறங்கும்போதும் அதே ஊசியால்தான் மின்சாரம் வந்தது. குற்றவாளி சுவிச்சுக்குள். நானா கூட்டைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்தார். இறக்கும் குமிழ் மங்கிய வெள்ளி நிறத்தில் இருந்தது. ஏற்றும் குமிழ் கன்னங்கரேல் என்று, நடுவில் ஊசிமுனைக் குழி விழுந்து கிடந்தது.

கண்ணாடி உச்சியில் முட்டியபின்னும் நாம் விரலை எடுப்பதில்லை, 'நல்லா இறுகட்டும்' என்று ஒரு கணம் பிடித்திருக்கிறோம். மோட்டர் நின்றுவிட்டது, ஆனால் ஓட்டம் அப்போதுதான் உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் விரலை எடுத்தால் தொடுகை பிரிகிறது. மோட்டரின் சுருளில் பாய்ந்துகொண்டிருந்த ஓட்டம் நிற்க மறுத்து, இடைவெளியைத் தாண்டி ஒரு தீப்பொறியாகப் பாய்கிறது. ஒவ்வொரு பொறியும் ஒரு சிகரத்தை உருக்கி, ஒரு துளி கரியைப் படியவிடுகிறது. இறங்கும்போதோ ஓட்டம் குறைவு. பெரும்பாலும் நடுவிலேயே விட்டுவிடுகிறோம். அதனால் ஏற்றும் தொடுகைதான் முதலில் சாகும். கண்ணாடி உச்சியில் முட்டியதும் விரலை உடனே எடுங்கள்.

நானா உப்புத்தாளைத் தொடவில்லை. வெள்ளிப் பூச்சு மிக மெல்லியது. உரசினால் அடியிலுள்ள செம்பு வெளிப்பட்டு இன்னும் விரைவில் கெடும். கலியாண அழைப்பிதழ் ஒன்றிலிருந்து நாடா போல ஒரு கீற்று வெட்டி, ஸ்பிரிட்டில் நனைத்து, இரண்டு குமிழ்களுக்கும் நடுவே வைத்து, மெல்ல அமர்த்தி இழுத்தார். கீற்றில் கரிக்கோடு விழுந்தது. ஏழெட்டுத் தரம். கடைசிக் கீற்று வெள்ளையாக வந்தது. பச்சை ஊசியைச் சிறு தூரிகையால் சுத்தம் செய்து, அதைக் கவ்வும் பெண்முனையை ஒரு மயிரளவு நெருக்கினார். மறுபடி பல்ப்: இரண்டு பக்கமும் பளிச்.

மோட்டரைப் பிளக்கில் மாட்டினோம். கண்ணாடி ஏறியது. நான் பேர்ஸை எடுத்தேன்.

"பொறுங்க சேர். இது முக்கி முக்கி ஏறுது. இன்னும் முடியல்ல."

நாலு கிலோவும் 72 வாற்றும்

நானா சொன்னதைக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். கண்ணாடி 4 கிலோகிராம் என்று வைப்போம், ஏறும் உயரம் 45 சென்ரிமீற்றர். தூக்கத் தேவையான சத்தி ஏறக்குறைய 18 யூல். நாலு செக்கனில் ஏறினால் நாலரை வாற்று போதும். மோட்டரோ 12 வோல்ற்றில் 6 அம்பியர், அதாவது 72 வாற்று இழுக்கிறது. தூக்குவதற்குப் போவது பதினாறில் ஒரு பங்கு! மற்றதெல்லாம் எங்கே?

சுருளின் தடையை முக்கால் ஓம் என்று கொண்டால் 27 வாற்று சுருளைச் சூடாக்குவதிலேயே போய்விடும். மிஞ்சும் 45 வாற்றில் பெரும்பகுதியை மோட்டரின் பற்சில்லுகளும், கண்ணாடி வழுக்கி ஏறும் இறப்பர்க் காடியும் தின்கின்றன. யன்னல் மோட்டரின் உண்மையான வேலை கண்ணாடியைத் தூக்குவதல்ல, உராய்வைத் தள்ளுவது.

சுழலும் மோட்டர் ஒரு மின்பிறப்பாக்கியும்தான். காந்தப்புலத்தில் சுழலும் சுருளில், பற்றரியை எதிர்க்கும் ஒரு வோல்ற்றளவு தானாகத் தோன்றும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். 6 அம்பியரில் ஓடும் நம் மோட்டரில் அது ஏழரை வோல்ற். பற்றரியின் 12இல் மிஞ்சும் நாலரைதான் சுருளில் ஓட்டத்தைத் தள்ளுகிறது. உராய்வு கூடினால் வேகம் குறையும், எதிர்ப்பும் குறையும், ஓட்டம் ஏறும். முற்றாக நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை: 12ஐ முக்காலால் வகுத்தால் 16 அம்பியர். 192 வாற்றும் ஒரு கைப்பிடி மோட்டருக்குள் வெறும் வெப்பம். மோட்டர் கருகாமலிருக்கத்தான் உள்ளே ஒரு வெப்பக் காவலன் வைத்திருக்கிறார்கள். சூடு மிஞ்சினால் அது பாதையை அறுக்கும் அல்லது நெருக்கும். பிள்ளைகள் ஏற்றி இறக்கி விளையாடிய பிறகு கண்ணாடி திடீரென்று நின்று, கால் மணித்தியாலத்தில் ஒன்றும் நடவாததுபோல வேலை செய்தால், அது பழுதில்லை, அந்தக் காவலனின் ஓய்வு.

இப்போது கதை முழுதாக விளங்குகிறது. இறப்பர்க் காடி காய்ந்துபோனது. இறப்பர் மென்மையானது, கண்ணாடியின் மேடு பள்ளங்களுக்குள் அமுங்கி உலோகத்தைவிட மிக அதிகமாகத் தொடுவதால், உயவில்லாதபோது அதன் பிடி பலமானது. போதாததற்கு, வைகாசி தொடங்கி ஆவணிவரை தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதில் மண்தூளை நிரப்பியது. மோட்டர் முக்கியது. ஓட்டம் ஏறியது. பொறி பெருத்தது. ஏற்றும் குமிழ் எரிந்தது. ஒரு தொடுகையில் பிறந்த நோய் இன்னொரு தொடுகையில் வெளிப்பட்டது. சுவிச்சை மட்டும் புதிதாக மாற்றியிருந்தால் அதுவும் கொஞ்ச நாளில் கறுத்திருக்கும்.

நானா காடியை ஈரத்துணி சுற்றிய பிளாஸ்டிக் தகட்டால் துடைத்து, காயவிட்டு, சிலிக்கன் ஸ்பிரே மெல்லியதாக அடித்தார். எஞ்சின் எண்ணெயும் கிறீஸும் அங்கே ஆகாது; எண்ணெய் இறப்பரை ஊதவைக்கும், கிறீஸ் மண்ணைப் பிடித்து அரைக்கும் கல்லாகும். பிறகு கண்ணாடி ஏறியபோது மோட்டரின் குரலே மாறியிருந்தது.

உராய்வு முழுக்க முழுக்க எதிரி என்று எண்ணிவிட வேண்டாம். மோட்டரின் தண்டில் திருகாணி போன்ற புரி. அது ஒரு பற்சில்லைக் கவ்விச் சுழற்றுகிறது. திருகாணி சில்லைத் தள்ளும், சில்லால் திருகாணியைத் திருப்பித் தள்ள முடியாது; புரியின் சரிவு அவ்வளவு தாழ்வு, உராய்வு அதை மிஞ்சி நிற்கிறது. மின்சாரம் நின்ற பிறகும் கண்ணாடி தன் பாரத்தில் சறுக்காமல் நிற்பதும், வெளியிலிருந்து திருடன் கையால் அமுக்கி இறக்க முடியாமல் தவிப்பதும் இதனால்தான். காடியில் வேண்டாத உராய்வு, பற்சில்லில் காவல்.

74 இலட்சம் சுவிச்சுகள்

உயவு எங்கே வேண்டும், எங்கே கூடாது என்ற கேள்வி உலகையே ஒருமுறை சுற்றிவந்தது. 2012 ஒக்டோபரில் டொயோட்டா நிறுவனம் 74 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைத் திருப்பி அழைத்தது. காரணம், சாரதிக் கதவிலுள்ள மாஸ்டர் சுவிச். தொழிற்சாலையில் அதற்குள் கிறீஸ் சீராகப் பூசப்படாததால் சுவிச் கரகரவென்று இடறியது. இடறுகிறதே என்று உரிமையாளர்கள் கடையில் வாங்கிய எண்ணெய் ஸ்பிரேயை உள்ளே அடித்தால், சுவிச் உருகிப் புகையும் ஆபத்து இருந்தது. திருத்தமோ, அதற்கென உள்ள விசேட கிறீஸைப் பூசுவதுதான். 2015 ஒக்டோபரில் மறுபடி 65 இலட்சம் வாகனங்கள்: கிறீஸ் போதாத இடத்தில் தொடுகைகள் தேய்ந்து, அந்த உலோகத்தூளே மின்சாரத்துக்குக் குறுக்குவழியாகி, சுவிச் சூடாகலாம் என்று. மிளகளவு குமிழ் ஒன்று எதைத் தொடுகிறது என்பது கோடிக்கு மேற்பட்ட கார்களின் பிரச்சினையாகியது. சுவிச் இடறினால் எண்ணெய் அடிக்காதீர்கள் என்பதுதான் இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னும் மூன்று சந்திப்புகள்

கதவைக் கொஞ்சம் திறந்தால் கண்ணாடி வேலை செய்கிறது, மூடினால் செய்வதில்லையா? கதவும் உடம்பும் சேரும் இடத்தில் துருத்தி போன்ற இறப்பர்க் குழாயைப் பாருங்கள். எல்லா வயர்களும் அதற்குள்தான். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் அவை வளைகின்றன. தகரத்தை மடித்து மடித்து முறிப்பது போல, பல வருடங்களில் செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும். அதிகம் திறபடும் சாரதிக் கதவில்தான் முதலில்.

பற்றரியைக் கழற்றி மாட்டியபின் ஒரே தட்டில் ஏறும் 'ஓட்டோ' வேலை செய்யவில்லையா? அது பழுதல்ல, மறதி. அப்படிப்பட்ட யன்னல்களில் மோட்டரின் சுழற்சியை எண்ணும் காந்த உணரி உண்டு. மின்சாரம் போனால் உச்சி எது என்ற எண்ணிக்கை அழிந்துவிடலாம். பல கார்களில் கண்ணாடியை முழுதாக ஏற்றி, சுவிச்சைச் சில செக்கன் மேலே பிடித்திருந்தால் மறுபடி கற்றுக்கொள்ளும். விரலை உடனே எடுங்கள் என்ற அறிவுரைக்கு இது ஒன்றே விலக்கு.

மூன்றாவது சந்திப்பு, கண்ணாடியும் கழுத்தும். அமெரிக்க, ஐரோப்பிய விதிகளின்படி, தானாக ஏறும் கண்ணாடி தடையொன்றில் 100 நியூற்றனுக்கு மேல், அதாவது சுமார் 10 கிலோ பாரத்துக்கு மேல், அழுத்துமுன் திரும்பி இறங்க வேண்டும். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இழுத்தால் மட்டுமே ஏற்றும் சுவிச்சைக் கட்டாயமாக்க வழி செய்தது. யன்னலால் எட்டிப் பார்க்கும் குழந்தையின் முழங்கால் சுவிச்சில் அழுத்தினாலும் கண்ணாடி ஏறக் கூடாது என்பதற்காக. நம் வீதிகளில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில், முட்டினால் திரும்பி இறங்கும் காவல் சாரதியின் யன்னலுக்கு மட்டும்தான், சிலவற்றில் அதுவும் இல்லை. பிள்ளைகள் பின்னால் இருந்தால் மாஸ்டர் சுவிச்சின் பூட்டைப் போட்டுவிடுங்கள்.

கதவுக்குள் கடல்

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த ஐந்து வருடமும் நாடு பழைய கார்களிலேயே ஓடியது. கழற்றி எறியாமல் கேள்வி கேட்கத் தெரிந்த கராஜ்காரர்களால் ஓடியது. அந்தப் பழக்கம் நானாவை விட்டுப் போகவில்லை. உள்தட்டை மூடுமுன் அவர் கடைசியாக ஒரு வேலை செய்தார்: கதவின் அடி விளிம்பில் குந்தியிருந்து விரலால் தடவினார்.

கார்க் கதவு நீர் புகாத பெட்டி என்றுதான் நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு பீலி. கண்ணாடியின் வெளிப்பக்க இறப்பர் விளிம்பால் மழைநீர் உள்ளே வழியத்தான் செய்யும். அடியிலுள்ள வடிதுளைகளால் வெளியேறட்டும் என்றே அதை அமைத்திருக்கிறார்கள். உள்தட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள்தான் நம்மை நனையாமல் காக்கிறது. அந்தத் தாளைக் கிழித்து வீசிவிட்டு மூடினால் அடுத்த மழை நேரே சுவிச்சுக்கும் இருக்கைக்கும். துளை அடைத்தால் கதவு ஒரு தொட்டி.

நானா விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை முறித்துத் துளைக்குள் விட்டுச் சுழற்றினார். முதலில் சேறு. பிறகு கபில நிறத் தண்ணீர், ஒரு தேநீர்க் கோப்பை அளவு, சீமெந்துத் தரையில் கொட்டிப் பரவியது.

"உங்கட கடல் சேர்," என்றார்.

தாளைச் சுற்றிவர ஒட்டி, தட்டை மூடி, காசு வாங்கிக்கொண்டு, ஆறிய தேநீரைக் குடிக்கப் போய்விட்டார். நாலு நாள் கழித்து வெயிலடித்த ஒரு காலையில் அந்த வழியால் போனேன். நான் கார் நிறுத்திய இடத்தில் தண்ணீர் வற்றியிருந்தது. கதவின் அடிவிளிம்பு நீளத்துக்குச் சீமெந்தில் ஒரு வெள்ளைக் கோடு. குனிந்து பார்த்தால் வெயிலில் மினுங்கியது.